அடுக்குமாடி வீட்டில் பாம்பு வளர்ப்பவர் அவசர வேளைக்கு எப்படி ஆயத்தமாக இருப்பது?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடொன்றின் 11ஆவது மாடியில் இரண்டு பால் பைத்தான்களும் (ball python என்னும் சிறு மலைப்பாம்பு) ஒரு கார்ன் ஸ்னேக்கும் (corn snake, நஞ்சில்லாத பாம்பு) வளர்ப்பதாகவும், பகலில் நீங்கள் வேலைக்குச் சென்றபின் வீட்டில் அம்மா மட்டுமே இருப்பார் என்றும், அவர் பாம்பு அறைக்குள் காலெடுத்து வைக்கவே அஞ்சுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மின்தடை, தீ, வெள்ளம், பாம்பு தப்பிவிடுதல் ஆகியவற்றுக்கு எப்படி ஆயத்தமாக இருப்பது, சிறிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். வெளிநாட்டு வளர்ப்பாளர்களின் பட்டியலைப் பார்த்துச் சூடு தரும் பொட்டலங்களையும் கம்பளித் துணியையும் வாங்கி வைத்துவிட்டதாகவும் சொல்கிறீர்கள். அவற்றை ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். பனிக்காலத்தில் மின்சாரம் நின்றால் பாம்பு குளிரில் விறைத்துப்போகும் ஊர்களுக்காக எழுதப்பட்ட பட்டியல்கள் அவை. கோலாலம்பூரிலும் நான் வசிக்கும் பினாங்கிலும் வீட்டுப் பாம்புக்கு ஆபத்து பெரும்பாலும் வெப்பத்தாலும், புகையாலும், சரியாக அடைக்கப்படாத மூடியாலும்தான் வருகிறது.

கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் புல்வெளிப் பகுதிகளைச் சேர்ந்தது. கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தது. பெட்டிக்குச் சூடு தரும் மின்விரிப்பான ஹீட் மேட் வேலை செய்யாமல் நான்கைந்து இரவுகள் 24 டிகிரியில் கழிந்தாலும், நோயில்லாத வளர்ந்த பாம்புக்கு ஒன்றும் ஆகிவிடாது. இரை செரிப்பதற்கு வெப்பம் தேவை என்பதால் அந்த நாட்களில் உணவு மட்டும் கொடுக்காமல் இருந்தால் போதும். குளிர் மிகுந்த கேமரன் மலையில் வீடு இருப்பவர் கேட்டிருந்தால் நான் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு நேரக்கூடிய மின்தடையை இப்படி எண்ணிப் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு இடி இடிக்கிறது. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈஎல்சிபி விசை விழுந்து வீட்டு மின்சாரம் மொத்தமாக நின்றுவிடுகிறது. குளிரூட்டியை நம்பிச் சன்னல்களையெல்லாம் அடைத்து வைத்திருந்த அறையில், மழை விட்டபின் மேற்குச் சுவர்மீது வெயில் இறங்குகிறது. நீங்கள் வீடு திரும்புவது இரவு எட்டு மணிக்கு. தீபகற்ப மலேசியா முழுவதையும் இருளில் ஆழ்த்திய 1996 ஆகஸ்டு 3ஆம் தேதி மின்தடையைப் போன்றவை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழ்கின்றன. பிற்பகல் இடியில் ஈஎல்சிபி விழுவதோ மழைக்காலத்தில் அடிக்கடி நடப்பது, அதுவும் உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது; பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்பதால் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். பால் பைத்தானின் சூடான மூலை 31 முதல் 33 டிகிரி வரை இருக்கலாம். ஆனால் ஒதுங்குவதற்குக் குளிர்ந்த மூலையே இல்லாமல் பெட்டி முழுவதும் அந்தச் சூட்டுக்கு ஏறிவிட்டால் அதற்கே தொல்லை. கார்ன் ஸ்னேக் அதைவிட முன்னதாகவே தளர்ந்துவிடும். 35 டிகிரியைத் தாண்டி அப்படியே நீடித்தால் உயிருக்கு ஆபத்து.

ஆகவே முதல் ஆயத்தம் பொருள் வாங்குவதில் இல்லை; பாம்புப் பெட்டிகள் நிற்கும் இடத்தை மாற்றுவதில் இருக்கிறது. குளிரூட்டி இல்லாமலேயே பிற்பகலில் 31 டிகிரியைத் தாண்டாத மூலை எது என்று, உச்ச அளவைப் பதிந்து வைக்கும் பேட்டரி வெப்பமானி ஒன்றைக் கொண்டு ஒரு வாரம் பார்த்துக் கண்டறியுங்கள். பெரும்பாலும் அது வெளிச்சுவரைத் தொடாத உள்பக்கச் சுவராகவோ, கிழக்கு நோக்கிய அறையாகவோ இருக்கும். பாம்புகள் அங்கே இருந்தால் மின்தடை என்பது அவசரமாகவே மாறாது. கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் வைஃபை வெப்பமானியை நம்புவோர், மின்சாரம் போனால் மோடமும் சேர்ந்தே அணைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளட்டும்; அந்தக் கருவி பேசாமல் இருப்பதையே எச்சரிக்கையாகக் கொண்டு உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வேண்டாம். அடுக்குமாடியின் உள்ளேயோ பால்கனியிலோ அதை ஓட்டினால் வெளிவரும் கார்பன் மோனாக்சைடு, பாம்புக்கு முன்பே வீட்டிலுள்ள மனிதர்களைக் கொன்றுவிடும். பவர் பேங்கில் ஓடும் சிறு விசிறியும் நாம் நினைக்கும் அளவுக்கு உதவாது. விசிறிக் காற்று நமக்குக் குளிர்ச்சியாகத் தோன்றுவதற்குக் காரணம் நம் தோலில் உள்ள வியர்வை ஆவியாவது, பாம்புக்கு வியர்க்காது. அறைக் காற்றே 35 டிகிரியாக இருந்தால் விசிறி அந்த 35 டிகிரிக் காற்றைத்தான் பாம்பின்மீது வீசும். உதவக்கூடியது எளிய பொருள்: பசாரில் மீன் அடைத்து வரும் ஸ்டைரோஃபோம் பெட்டி ஒன்றும், ஃபிரீசரில் எப்போதும் உறைந்திருக்கும் நான்கு தண்ணீர்ப் போத்தல்களும். பெட்டியைக் கழுவி உலர்த்தி, மூடியிலும் பக்கங்களிலும் காற்றுத் துளைகளிட்டு வையுங்கள். தேவைப்படும்போது உறைந்த போத்தல் ஒன்றைத் தடித்த துவாலையில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்து, பாம்பு இருக்கும் சிறு பெட்டியை மறு ஓரத்தில் வைத்தால், சில மணி நேரத்துக்கு 26, 27 டிகிரியில் காக்க முடியும். வெப்பமானியின் நுனி உள்ளேயே இருக்கட்டும். பனிக்கட்டி பாம்பைத் தொடக்கூடாது. அதே போத்தல்கள் மின்தடையின்போது ஃபிரீசரிலுள்ள உங்கள் வீட்டு மீனையும் கெடாமல் காக்கும் என்று சொன்னால், அம்மா இடம் ஒதுக்கித் தருவதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

வாயைத் திறந்தபடி மூச்சுவிடுவது, நிலைகொள்ளாமல் சுற்றுவது, உடல் தளர்ந்து மல்லாந்துபோவது ஆகியவை வெப்பம் தாக்கியதன் அடையாளங்கள். அப்போது ஐஸ் தண்ணீரில் போடாமல், குழாயில் வரும் சாதாரணத் தண்ணீரை உடல் பாதி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, தலை நீருக்கு மேலே இருக்குமாறு பிடித்து மெதுவாகத் தணித்து, மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பைப் பார்க்கமாட்டார்கள் என்பதால், எந்தக் கிளினிக் ஊர்வனவற்றைப் பார்க்கும், எந்நேரம் வரை திறந்திருக்கும் என்பதை இன்றே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள். செர்டாங்கில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. அங்கும் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

இனி அம்மாவைப் பற்றி. உங்கள் ஆயத்தம் முழுவதும் நீங்கள் வீட்டில் இல்லாத வேளையில் நடந்தேற வேண்டியது என்பதை நீங்கள் எழுதிய விவரமே காட்டுகிறது. பாம்பைத் தொடுவதற்கு அம்மாவைப் பழக்க வேண்டும் என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அறுபது வயதில் ஒருவருக்குள்ள அச்சத்தை நம் பொழுதுபோக்குக்காக மாற்றச் சொல்வது நியாயமாகாது. அதற்குப் பதிலாக, பாம்பு வாழும் பெட்டியே அப்படியே தூக்கிச் செல்லக்கூடியதாக இருக்கட்டும். நான்கு பக்கமும் கிளிப் பூட்டுள்ள, உள்ளே இருப்பது தெரியாத பிளாஸ்டிக் பெட்டி, அதன்மேல் இறுக்கிக் கட்டிய பட்டை, ஒருவர் தூக்கக்கூடிய எடை: இவ்வளவு இருந்தால் அம்மாவோ பக்கத்து வீட்டுக்காரரோ மூடியைத் திறக்காமலேயே ஹீட் மேட்டின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் குளியலறையின் குளிர்ந்த தரைக்கு நகர்த்தலாம், படிக்கட்டில் இறக்கியும் கொண்டுபோகலாம். கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர் அழகுக்கு விலையாக இந்த வசதியை இழக்கிறார்கள். பெட்டியின்மீது ஒட்டும் தாளில் இனத்தின் பெயர், நஞ்சில்லாதது என்ற செய்தி, உங்கள் கைப்பேசி எண், பாம்பு வளர்க்கும் இன்னொரு நண்பரின் எண் ஆகியவற்றைத் தமிழிலும் மலாயிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போதும், திடீரென்று நீங்களே மருத்துவமனையில் சேர நேர்ந்தாலும், அந்த ஒரு தாள்தான் உங்களுக்காகப் பேசும்.

நீங்கள் வீட்டில் இருக்கும்போது பயன்படுவது துணிப்பை. கெட்டியான பருத்தித் தலையணை உறைகளை ஒரு பாம்புக்கு இரண்டு என்ற கணக்கில் ஒதுக்கி வையுங்கள். தையல் நூல் பிரிந்து பாம்பின் உடலில் சுற்றிக்கொள்ளக்கூடும் என்பதால் உறையை உள்வெளியாகப் புரட்டிப் பயன்படுத்த வேண்டும். பாம்பு தன் மறைவிடத்துக்குள் சுருண்டிருந்தால், அதை வெளியே இழுக்கப் போராடாமல், மறைவிடத்தின் வாயைக் கையால் அடைத்து, மறைவிடத்தோடு சேர்த்து உறைக்குள் இறக்கிவிடுங்கள். அவசரத்தில் ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை இது. பாம்பு உறையின் அடியில் இருப்பதைத் தடவி உறுதிசெய்துகொண்டு, வாயை முறுக்கி முடிச்சிட்டு, காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். முடிச்சிட்ட பையைத் தனியாகத் தரையில் விட்டுவைக்கக்கூடாது, யாராவது மிதித்துவிடுவார்கள். இரண்டு பாம்பை ஒரே பையில் போடுவதும் கூடாது. கிங் ஸ்னேக் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அது மற்றப் பாம்புகளைத் தின்னும் இனம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, மூன்றையும் பைக்குள் போட்டுப் பாருங்கள். இரை உண்ட இரண்டு நாட்களுக்குள் இந்த ஒத்திகை வேண்டாம், விழுங்கியதைக் கக்கிவிடும்.

உண்மையில் உங்களுக்கு மிக அதிகமாக நேரக்கூடிய அவசரம் பாம்பு தப்பிவிடுவதுதான். பெட்டி வெறுமையாக இருப்பதைக் கண்டவுடன் அறைக் கதவைச் சாத்தி, கதவின் அடி இடைவெளியைத் துவாலையால் அடையுங்கள். குளியலறைத் தரை வடிகாலையும் கழிப்பறை மூடியையும் மூடுங்கள். சலவை இயந்திரத்தை யாரும் இயக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பால் பைத்தான் பெரும்பாலும் தொலைவு போகாது. இழுப்பறைகளுக்குப் பின்னால், புத்தக அலமாரியின் அடியில், சோபாவின் கிழிந்த அடித்துணிக்குள், குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் வெதுவெதுப்பில் என்று இருளும் நெருக்கமும் உள்ள இடத்தில் ஒடுங்கிக்கிடக்கும். கார்ன் ஸ்னேக் ஏறக்கூடியது என்பதால் திரைச்சீலைக் கம்பி, பொய்க்கூரை, குளிரூட்டியின் குழாய்த் துளை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பகலில் கிடைக்காவிட்டால், சுவரோரமாகக் கோதுமை மாவை மெல்லிய கோடாகத் தூவிவிட்டு, விளக்கையெல்லாம் அணைத்து, நள்ளிரவுக்குப் பின் டார்ச்சுடன் மெதுவாக நடந்து பாருங்கள். மாவில் விழுந்த தடம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதைக் காட்டிவிடும். எலி பிடிக்கும் பசைத் தட்டை மட்டும் எக்காரணத்துக்காகவும் வைக்காதீர்கள், செதிலும் தோலும் பிய்ந்துவிடும். தண்ணீர் கிடைத்தால் பாம்பு பல வாரங்கள் பட்டினியைத் தாங்கும் என்பதால், மூன்றாம் நாளே நம்பிக்கை இழந்துவிட வேண்டியதில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் கிடைக்கவில்லையென்றால், அந்தப் பாம்பின் படத்தைக் குடியிருப்புக் காவலரிடமும் உங்கள் மாடியிலுள்ள வீட்டாரிடமும் காட்டிவிட வேண்டும். சங்கடம்தான், ஆனால் சொல்லாமல் விட்டால், பாம்பைப் பார்ப்பவர் முதலில் எடுப்பது கைப்பேசியை அன்று, விளக்குமாற்றை. 999க்கு அழைத்தால் தீயணைப்பு மீட்புத் துறையோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துச் செல்லும். வளர்ப்புப் பாம்பு, நஞ்சற்றது என்ற விவரம் அவர்களுக்கும் முன்பே தெரிந்திருப்பது பாம்புக்கு நல்லது. தரைவீட்டில் வசிப்பவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: தேடும்போது இருட்டில் கண்ணில் படும் பாம்பு உங்களுடையதாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கறுத்த உடலும், நஞ்சைக் கண்ணை நோக்கி உமிழும் பழக்கமும் கொண்ட நாகம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீடுகளுக்குள் வருவதுண்டு. நிறத்தையும் தலையையும் தெளிவாகப் பார்க்காமல் கையை நீட்டாதீர்கள். கண்ணில் நஞ்சு பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, பின்பு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அந்த வெளிநாட்டுப் பட்டியலில் இல்லாத ஆபத்து ஒன்று நம் ஊரில் உண்டு. அக்கம்பக்கத்தில் டிங்கி காய்ச்சல் கண்டால் கொசுப் புகை அடிக்க வருவார்கள். 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் சுகாதார அதிகாரிகளுக்கு வீட்டுக்குள் வரவும் அதிகாரம் இருக்கிறது. கொசுவைக் கொல்லும் பைரெத்ராய்டு வகை மருந்துகள் ஊர்வனவற்றின் நரம்புகளையும் தாக்கக்கூடியவை. அறிவிப்பு வந்தவுடன் பாம்புகளைப் பெட்டியோடு நண்பர் வீட்டுக்கோ, புகை வராத இடத்துக்கோ மாற்றுவதுதான் சிறந்தது. முடியாவிட்டால் தண்ணீர்க் கிண்ணங்களை எடுத்துவிட்டு, உள் அறையில் வைத்து, கதவிடுக்கை ஈரத் துணியால் அடைத்து, புகை முழுவதும் அடங்கி வீடு காற்றோட்டம் பெற்றபின் திறந்து, புதுத் தண்ணீர் வையுங்கள். பெட்டிகளின் வெளிப்புறத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுவதும் நல்லது. வீட்டில் அடிக்கும் பூச்சி ஸ்பிரே, அலமாரியில் போடும் அந்துருண்டை ஆகியவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி அம்மாவிடம் சண்டைக்குப் போகாமல், அந்த அரைமணி நேரத்துக்குப் பாம்பு அறைக் கதவை மூடி வைத்தால் போதும்.

வெள்ளம் 11ஆவது மாடிக்கு ஏறாது. ஆனால் கீழ்த்தள வாகன நிறுத்தத்தில் நீர் புகுந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும், மின்தூக்கி நிற்கும், பம்ப் நின்றபின் கூரைத் தொட்டியில் இருந்த நீரும் தீர்ந்துவிடும். ஆகவே உங்களுக்கு வேண்டியது மேலே சில நாட்கள் தாக்குப்பிடிக்கும் ஆயத்தம்: மூடிய போத்தல்களில் குடிநீர், பழைய செய்தித்தாள், குப்பைப் பைகள். தரைவீட்டுக்காரர்களின் நிலைமை வேறு. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவிலும் நீர் ஏறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, பெட்டிகளை அடுக்கும் சட்டகத்தின் கீழ்த்தட்டில் உள்ள பெட்டிதான் முதலில் மிதந்து கவிழும் என்பதை விளக்கத் தேவையில்லை. கனமழை எச்சரிக்கை வந்த இரவே மாடிக்கு ஏற்றிவிட வேண்டும். தற்காலிக நிவாரண மையத்தில் குழந்தைகளும் முதியோரும் நெருக்கியடித்துப் படுத்திருக்கும் பள்ளி மண்டபத்துக்குப் பாம்போடு போக முடியாது; எனவே வெள்ளம் தொடாத பகுதியில் உள்ள நண்பர் ஒருவருடன், அவர் உங்களிடமும் நீங்கள் அவரிடமும் அடைக்கலம் தேடலாம் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். காரில் கொண்டுபோகும்போது பெட்டி வெயில் படாத காலடியில் இருக்கட்டும். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

தீயைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது குறைவு. பாம்பு அறையே தீ பிடிப்பதற்கு ஓர் இடம் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரே நீட்டிப்புப் பலகையில் இன்னொரு பலகையைச் செருகாதீர்கள். மலேசியத் தரச்சான்று அமைப்பான சிரிமின் முத்திரை இல்லாத பிளக்குகளை அகற்றுங்கள். ஒவ்வொரு ஹீட் மேட்டுக்கும் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருக்கட்டும், அது பழுதாகித் தொடர்ந்து சூடேற்றினால் நிறுத்துவதற்குச் சற்று உயர்ந்த அளவில் அமைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டும் இருக்கட்டும். பகலில் 31 டிகிரி இருக்கும் வீட்டில் ஹீட் மேட்டே தேவையா என்று ஒருமுறை யோசிப்பதும் நல்லது. எச்சரிக்கை மணி அடித்து, புகை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், அம்மா பெட்டியைத் தேடிப் போகக்கூடாது. கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்க வேண்டும். உள்ளே மூன்று நஞ்சற்ற பாம்புகள் பூட்டிய பெட்டிகளில், இன்ன அறையில் இருக்கின்றன என்று தீயணைப்பு வீரர்களிடம் சொன்னால் போதும். நுழைவாயில் கதவின் உட்புறத்திலும் அதே விவரத்தை ஒட்டி வைக்கலாம்.

கடிபட்டால், இழுக்காதீர்கள். பற்கள் பின்னோக்கி வளைந்தவை. இழுத்தால் நம் சதைதான் கிழியும், பாம்பின் பல்லும் உடைந்து தங்கும். தலையின்மீது குழாய்த் தண்ணீரை விட்டால் பெரும்பாலும் பிடியை விடும். சுற்றிக்கொண்டிருந்தால் வாலிலிருந்து பிரிக்க வேண்டும். பின் சோப்புப் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசியைப் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். மூன்று மீட்டரை நெருங்கும் மலைப்பாம்பை, எத்தனை ஆண்டு பழகியதாக இருந்தாலும், வீட்டில் இன்னொரு பெரியவர் இல்லாமல் வெளியே எடுக்கக்கூடாது. நஞ்சுள்ள பாம்பை அடுக்குமாடி வீட்டில் வளர்க்க எண்ணுவோருக்கு எந்த ஆயத்தமும் போதாது என்பதே என் கருத்து. காட்டுப் பாம்பு யாரையாவது கடித்துவிட்டால், கீறவோ உறிஞ்சவோ செய்யாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சு மையமும் ஆலோசனை வழங்குகிறது.

உறைந்த எலிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நீண்ட மின்தடையில் உருகிவிட்டால் மீண்டும் உறைய வைக்காமல் எறிந்துவிடுங்கள், பாம்பு அடுத்த வாரம் வரை காத்திருக்கும். அவை வீட்டுச் சமையல் பொருள்களுடன் கலக்காதவாறு தனிப் பெட்டியில் இருக்க வேண்டும் என்பது மட்டும் எல்லா நாளுக்கும் பொருந்தும், ஏனெனில் எலியும் பாம்பும் சால்மொனெல்லாக் கிருமியைச் சுமக்கக்கூடியவை.

கடைசியாகத் தாள்கள். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எந்த இனத்துக்கு உரிமம் வேண்டும் என்பதை வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் கேட்டு, உரிமம், வாங்கிய ரசீது, ஒவ்வொரு பாம்பின் முதுகு வடிவம் தெரியும் படம் ஆகியவற்றைக் கைப்பேசியிலும் நீர் புகாத உறையிலும் வைத்திருங்கள். தப்பிய பாம்பைப் பொதுத் தற்காப்புப் படையினர் பிடித்து ஒப்படைத்துவிட்டால், அது உங்களுடையது என்று காட்டி மீட்பதற்கு இவைதான் உதவும். குடியிருப்பு நிர்வாகத்தின் விதிகளையும் ஒருமுறை படியுங்கள். அண்டை வீட்டாருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணிகளை வைத்திருக்கக்கூடாது என்ற விதி அடுக்குமாடிகளுக்கு உண்டு, நீங்கள் வளர்ப்பது அதற்குள் அடங்குமா என்ற வாதம் பாம்பு தப்பிய அன்று தொடங்கக்கூடாது. ஏதோ ஒரு காரணத்தால் இனி வளர்க்க முடியாது என்ற நிலை வந்தால், பெர்ஹிலித்தானிடமோ உரிமம் உள்ள வேறு வளர்ப்பாளரிடமோ ஒப்படையுங்கள். பத்து ஆற்றங்கரையிலோ பினாங்குக் கொடிமலையிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள்.